மகள் போனில் என்னைப் பார்த்தாலே ஓடுகிறாள் – வெளிநாட்டில் இருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

முசாஃபா மணி

எல்லோருக்கும் வணக்கம். அபுதாபியில் முசாஃபா பக்கம் ஏசி மெக்கானிக் வேலை, சொந்த ஊர் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில். நான் விமானம் ஏறும்போது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள், இப்போது மூன்று வயது முடியப் போகிறது, நடுவில் ஒரு லீவு போய் வந்ததோடு சரி. எவ்வளவு அசதியாக இருந்தாலும் தினமும் வீடியோ கால் பேசிவிடுவேன். ஆனால் கொஞ்ச நாளாகப் பாப்பா என் முகத்தைப் பார்த்தாலே ஓடுகிறாள். மனைவி பிடித்து இழுத்து வந்து "அப்பாவுக்கு ஒரு முத்தா கொடு" என்றால் திரையைக் கையால் மூடுகிறாள், இல்லாவிட்டால் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டுச் சிரிக்கிறாள் (எது சிவப்புப் பொத்தான் என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது). ரூமில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், நானும் கூடச் சிரித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

டூட்டி முடிந்து, கம்பெனி பஸ்ஸில் கேம்புக்கு வந்து, பாத்ரூமுக்கு வரிசையில் நின்று குளித்து, மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டுப் போனை எடுக்கும்போது இங்கே 8:30, ஊரில் 10 மணி. மனைவியிடம் பேசுவது என்ன தெரியுமா? சாப்பிட்டியா, சாப்பிட்டேன், என்ன குழம்பு, பணம் ஏறியதா, ஏறியது. அப்புறம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். சண்டை எதுவும் இல்லை, பேச விஷயம்தான் இல்லை. அம்மாவுக்குக் காது மந்தம், கத்திப் பேச வேண்டும், கத்தினால் கீழ் பெட்டில் தூங்குகிறவர் எழுந்துவிடுவார். பள்ளிக்கூட நண்பர்கள் குரூப் ஒன்று இருக்கிறது, அதில் காலை வணக்கப் பூப்படம் தவிர எதுவும் வருவதில்லை.

வாட்ஸ்அப் கால் இங்கே போகாது என்பது தெரிந்ததுதான். இப்போது வைத்திருக்கிற ஆப்பில் பாதிப் பேச்சில் படம் நின்றுவிடுகிறது. ரூமில் இரண்டு பேர் விபிஎன் (தடையைச் சுற்றிக்கொண்டு போக உதவுகிற ஆப்) போட்டுக்கொள் என்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஷார்ஜா பாய்

மணி தம்பி, ஆப் கதையை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். வாட்ஸ்அப்பில் எழுத்து, படம், வாய்ஸ் நோட் எல்லாம் தடையில்லாமல் போகும், குரல் அழைப்பையும் வீடியோ அழைப்பையும்தான் அடைத்து வைத்திருக்கிறார்கள். இணையம் வழியாகப் பேச, டிடிஆர்ஏ என்கிற இங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையம் அனுமதித்த ஆப்கள் தனியாக உண்டு. போட்டிம் அதில் ஒன்று. கூகுள் மீட், ஜூம், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் இவையும் வேலை செய்யும். எங்கள் வீட்டில் மீட்தான். ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் துண்டித்துவிடும், மீட்டில் இரண்டு பேர் மட்டும் பேசினால் அந்தத் தொல்லை இல்லை. ஒரு லிங்கை உண்டாக்கி வீட்டுக்காரம்மா போனின் முகப்பில் வைத்துவிடுங்கள், தினமும் அதையே தொட்டு உள்ளே வந்துவிடலாம்.

விபிஎன் வேண்டவே வேண்டாம். வைத்திருப்பதே குற்றம் என்று இல்லை, கம்பெனிகள் அலுவலக வேலைக்கு வைத்திருக்கின்றன. ஆனால் தடை செய்த காரியத்தைச் செய்ய, இணையத்தில் நம்மை அடையாளம் காட்டுகிற ஐபி முகவரியை மறைத்தால் 2021-ம் ஆண்டின் 34-ம் எண் சைபர் குற்றச் சட்டத்தில் சிறையோ, 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. யார் மாட்டினார்கள், யார் மாட்டவில்லை என்று ரூமில் கதை பேசுவார்கள். நம் சம்பளத்துக்கு அந்தச் சோதனையே வேண்டாம்.

பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் ஆப் காரணம் இல்லை. கேம்பில் எல்லோரும் எட்டிலிருந்து பத்துக்குள் ஒரே வைஃபையில் வீட்டுக்குப் பேசுகிறார்கள், என்ன ஆகும்? அந்த நேரத்தில் வீடியோவை அணைத்துவிட்டுக் குரல் மட்டும் பேசிப் பாருங்கள், நிற்காது. குழந்தை விஷயம் எனக்குத் தெரியாது, என் பிள்ளைகள் இங்கேயே வளர்ந்தவர்கள்.

மன்னை மருமகள்

நான் ஊரில் இருக்கிற பக்கம். என் வீட்டுக்காரர் கத்தாரில். அதனால் கொஞ்சம் நேராகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி.

ராத்திரி 10 மணிக்கு மூன்று வயதுக் குழந்தை எப்படி இருக்கும்? ஒன்று தூங்கியிருக்கும், இல்லாவிட்டால் தூக்கத்துக்கு அழுதுகொண்டிருக்கும், இரண்டும் இல்லையென்றால் உங்கள் மனைவி "அப்பா கூப்பிடுவார்" என்று முழிக்க வைத்திருப்பார், அதற்காகவே கையில் போனைக் கொடுத்து கார்ட்டூன் போட்டிருப்பார். நன்றாகக் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருக்கும்போது படம் போய் உங்கள் முகம் வருகிறது. குழந்தைக்கு நீங்கள் யார்? கார்ட்டூனை நிறுத்துகிற ஆள். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் கார்ட்டூன் திரும்பி வருகிறது, அவ்வளவுதான் கணக்கு. பாசம் இல்லை என்று நினைத்துச் சுவரைப் பார்த்துப் படுக்க வேண்டாம்.

முத்தா கொடு, பாட்டுப் பாடு, ஏ பி சி சொல்லு என்று கேட்பதையும் நிறுத்துங்கள். அத்தை மாமா வந்தால் பிள்ளையை நடுவில் நிறுத்தி ஆடச் சொல்வோமே, அதுமாதிரி தினமும் நடந்தால் எந்தப் பிள்ளை நிற்கும்?

காலையில் கூப்பிடுங்கள். ஐந்தரைக்கு பஸ்ஸில் ஏறுவீர்களா? இங்கே அப்போது 7. பிள்ளை எழுந்து பல் தேய்க்கிற நேரம். உங்கள் மனைவி போனைத் தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்கட்டும். நீங்களும் ஒன்றும் பேச வேண்டாம், பஸ் ஜன்னலுக்கு வெளியே கிரேன் தெரிந்தால் அதைக் காட்டுங்கள், லாரி போனால் காட்டுங்கள். அவள் இட்லியைப் பிய்த்துக்கொண்டே பார்ப்பாள், எழுந்து போவாள், திரும்ப வருவாள். வரட்டும், போகட்டும். வீட்டில் இருக்கிற அப்பாக்களைப் பிள்ளைகள் அப்படித்தான் பார்க்கின்றன, உட்கார்ந்து பேட்டியா எடுக்கின்றன.

மனைவி விஷயம் தனி. நீங்கள் மேல் பெட்டில், கீழே ஐந்து பேர். அவர் ஹாலில், பக்கத்தில் மாமியார், மாமியாருக்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கர் வேறு. இதில் அவர் என்ன மனம் விட்டுப் பேசுவார்? "என்ன குழம்பு" என்பதற்கு மேல் ஓடாதுதான். வாரத்தில் இரண்டு நாளாவது அவருக்கு மட்டும் என்று கூப்பிடுங்கள், அவர் மாடிக்குப் போகட்டும், நீங்கள் கேம்ப் வாசலுக்குப் போங்கள். அன்று பாப்பாவைக் காட்டு, அம்மாவிடம் கொடு என்று கேட்கக் கூடாது.

தேக்கா தம்பி

சிங்கப்பூரில் இருந்து. நமக்கு ஆப் பிரச்சினை கிடையாது, எல்லாம் போகும், ஆனால் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால் வேறு மாதிரி சிக்கல், அவர்கள் சாப்பிட்டு முடித்துப் பேச உட்காரும்போது எனக்குக் கண் சொக்கும்.

பேச விஷயம் இல்லை என்கிறீர்களே, அதற்கு நான் கண்ட வழி, வீட்டு வேலையில் ஏதாவது ஒன்றை இங்கிருந்தே என் தலையில் போட்டுக்கொள்வது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில், கேஸ் புக் பண்ணுவது, அப்பாவின் சுகர் மாத்திரை தீரும் தேதி, இதெல்லாம் என் பொறுப்பு. 2023 ஜனவரியில் யுபிஐயை நடத்துகிற என்பிசிஐ சுற்றறிக்கை விட்டது, சிங்கப்பூர், அமீரகம், சவுதி, கத்தார், ஓமன் உள்பட 10 நாடுகளின் நம்பரை வைத்தே என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்கள் ஊர் வங்கியில் வைக்கிற கணக்குகள்) யுபிஐ போடலாம் என்று. நம் வங்கி அதில் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். (ஊரில் இருந்தபோது தொடங்கிய பழைய சேமிப்புக் கணக்கையே இன்னும் வைத்திருந்தால் அதை என்ஆர்ஓவாக மாற்ற வேண்டும், அது வேறு கதை.) அப்பாவின் மருந்துக் கடைக்காரருக்கு நான் இங்கிருந்து நேராகப் பணம் போடுகிறேன், அவர் "இந்த மாசம் பிரஷர் மாத்திரை மாத்திட்டாங்க தம்பி" என்று சொல்வார், அன்று இரவு அப்பாவிடம் பேச விஷயம் கிடைத்துவிடும். பணம் ஏறியதா என்று கேட்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

அப்புறம் ஹாலில் ஒரு வைஃபை கேமரா மாட்டிவிட்டேன். டார்மிட்டரியில் படுத்துக்கொண்டு போனைத் திறந்தால் அம்மா டிவி பார்ப்பது தெரியும், பிள்ளைகள் விளையாடுவது தெரியும். மனசுக்கு நிம்மதி. நீங்களும் போடலாம்.

மன்னை மருமகள்

தேக்கா தம்பி, கரண்ட் பில் யோசனை நல்லது. கேமரா யோசனையை இன்னொருவருக்குச் சொல்லாதீர்கள். உங்களுக்கு நிம்மதி, வீட்டில் இருப்பவர்களுக்கு? எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இப்படித்தான் வாசலுக்கு என்று ஆரம்பித்து ஹாலுக்கு வந்தது. அந்தப் பெண் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஹாலைத் தாண்டக் கூச்சப்பட்டுக் கொல்லை வழியாகவே போய் வருகிறாள். "மதியம் வந்தது யார்", "ஏன் இவ்வளவு நேரம் டிவி" என்று அங்கிருந்து போன் வரும். வாசலுக்குத் திருட்டு பயத்துக்குப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுக்குள் போடுவதாக இருந்தால் முதலில் வீட்டில் இருக்கிற பெண்களைக் கேளுங்கள்.

பழைய சபுராளி

நான் எண்பதுகளில் சவுதியில், தம்மாமில் இருந்தவன். கடிதம் போய்ப் பதில் வர ஒரு மாதம் ஆகும். டிரங்க் கால் என்றால் வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று அர்த்தம். எங்களைக் காப்பாற்றியது கேசட்தான். யாராவது லீவுக்குப் போனால் அவர் பெட்டியில் பத்துப் பேரின் கேசட் இருக்கும், திரும்பும்போது பத்து கேசட் வரும். அரை மணி நேரம் ஒரு பக்கம். வீட்டில் உம்மா பேசும், பின்னால் கோழி கத்தும், தெருவில் மீன்காரர் போவார், பிள்ளை நடுவில் வந்து ஏதோ உளறிவிட்டு ஓடும், ரூமில் எல்லோரும் எல்லோருடைய கேசட்டையும் கேட்போம் (மனைவியின் பக்கத்தைத் தவிர, அதற்கு இயர்போன்). மீன்காரர் குரலைக் கேட்கத் திரும்பச் சுற்றிப் போட்டவர்கள் உண்டு.

இப்போது உங்கள் கையில் வாய்ஸ் நோட் இருக்கிறது. பாய் சொன்னதுபோல் அதற்கு ஒரு தடையும் இல்லை. சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதே மகளுக்கு ஒரு கதை சொல்லிப் பதிந்து அனுப்புங்கள். நரி கதை, காக்கா கதை, இல்லையென்றால் உங்கள் ஏசி யூனிட்டுக்குள் புறா கூடு கட்டிய கதை, எதுவானாலும் சரி. படுக்கும்போது விளக்கை அணைத்துவிட்டு அதைப் போடச் சொல்லுங்கள். ஒரே கதையைப் பத்து நாள் கேட்பாள், பிள்ளைகளுக்கு அது அலுக்காது. நீங்கள் விழித்திருக்கிற நேரமும் அவள் விழித்திருக்கிற நேரமும் ஒத்துவர வேண்டும் என்ற கட்டாயமே இதில் இல்லை. முகத்தைப் பார்த்து ஓடுகிற பிள்ளை குரலைக் கேட்டுப் பழகிவிடும்.

தினமும் பேசுவதால்தான் உங்களுக்குப் பேச ஒன்றும் மிச்சமில்லை என்பது என் எண்ணம். எங்களுக்கு ஒரு மாதத்துச் செய்தி சேர்ந்திருக்கும்.

முத்துநகர் கப்பல்காரன்

சபுராளி பெரியவருக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. வாய்ஸ் நோட் யோசனை அருமை, நானே செய்கிறேன். ஆனால் அந்தக் காலமே மேல் என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. நான் கப்பலில் வேலை பார்ப்பவன், சிக்னலே இல்லாமல் நடுக்கடலில் வாரக்கணக்கில் இருந்து பார்த்தவன். செய்தி சேரும், உண்மைதான், கெட்ட செய்தியும் சேரும். அப்பாவை ஐசியூவில் சேர்த்து, வார்டுக்கு மாற்றி, வீட்டுக்கும் கூட்டி வந்த பிறகு துறைமுகத்தில் சிக்னல் கிடைத்து மொத்தமாக ஒரே நேரத்தில் படித்தேன். அது யாருக்கும் வேண்டாம். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் திருத்தம் 2024 டிசம்பரில் அமலுக்கு வந்து, முடிந்த வரை கப்பலில் இணைய வசதி தர வேண்டும், காசு வாங்கினாலும் நியாயமாக வாங்க வேண்டும் என்று ஆகியிருக்கிறது. அதற்காக எத்தனை வருடம் கேட்க வேண்டியிருந்தது என்பது எங்களுக்குத்தான் தெரியும். தினமும் பேச முடிகிறவர்கள் பேசுங்கள். இரண்டு நிமிடம் பேசினாலும் போதும், ஒரு மணி நேரம் இழுக்க வேண்டும் என்று யார் சொன்னது? விஷயம் இல்லையென்றால் "சரி, நாளைக்குப் பார்க்கலாம்" என்று வைத்துவிடலாம், அதில் குற்றவுணர்ச்சி எதற்கு?

நண்பர்கள் பற்றி யாரும் சொல்லவில்லை. குரூப்பை நம்பாதீர்கள், நாற்பது பேர் இருக்கிற இடத்தில் யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அதில் உண்மையிலேயே வேண்டியவர்கள் என்று இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள், அவர்களைத் தனித்தனியாகப் பிடியுங்கள். நானும் என் பள்ளித் தோழனும் போனில் செஸ் ஆடுகிறோம், நாளைக்கு ஒரு நகர்த்தல் என்று போகிற ஆட்டம், கப்பலில் இணையம் கிடைக்கும்போது ஒரு காயை நகர்த்துவேன், அவன் கடையில் வியாபாரம் இல்லாத நேரம் பதிலுக்கு நகர்த்துவான். பேச்சு தானாக வந்துவிடும். குதிரையை வெட்டுக் கொடுத்துவிட்டு "மச்சான் ஒரு சொத்துத் தகராறுடா" என்று ஆரம்பிப்பான். உங்களுக்கு லூடோ பிடித்தால் லூடோ. அப்புறம் லீவுக்குப் போகும்போது அவன் வீட்டுக்கு ஒரு எட்டுப் போய் வாருங்கள், சொந்தக்காரர்கள் வீட்டு விருந்திலேயே லீவு முழுவதும் கரைந்துவிடும், தெரிந்ததுதானே.

முசாஃபா மணி

எல்லோருக்கும் நன்றி. மன்னை அக்கா சொன்னதை மனைவியிடம் படித்துக் காட்டினேன், "அந்த அக்கா நம்பர் கிடைக்குமா" என்று கேட்கிறாள், எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

காலை பஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்தேன். முதல் நாள் பாப்பா எட்டியே பார்க்கவில்லை. அடுத்த நாள் ரோட்டில் டேங்கர் லாரி ஒன்றைக் காட்டியதும் "அப்பா, தண்ணி லாரியா?" என்று கேட்டாள், "இல்லை, டீசல்" என்றேன். அதோடு போய்விட்டாள். கதையும் ஒன்று பதிந்து அனுப்பினேன், பக்கத்து சீட்டு நேபாளிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மனைவிக்கு வெள்ளி, ஞாயிறு இரவு என்று பேசி வைத்திருக்கிறோம்.

அம்மா விஷயம்தான் இன்னும் புரியவில்லை. நேரில் கொஞ்சம் உரக்கப் பேசினால் கேட்கிறது, போனில் எதுவுமே புரிவதில்லை என்கிறார். சும்மா தலையை ஆட்டிவிட்டு மருமகளிடம் கொடுத்துவிடுகிறார். சத்தம் அதிகம் வைத்தாலும் அதே கதைதான். இதற்கு ஏதாவது போன் இருக்கிறதா?

நர்ஸ் செல்வி

போனை மாற்றுவதற்கு முன் காதைப் பாருங்கள் தம்பி. வயதானால் முதலில் கேட்காமல் போவது மெல்லிய, கூர்மையான ஒலிகள். ச, த, க மாதிரி எழுத்துகள் கலங்கிப்போகும், அதனால் சத்தம் வருகிறது, சொல் புரியாது. நேரில் உங்கள் உதடு தெரிகிறது, அதை வைத்துப் பாதியைப் புரிந்துகொள்வார்கள். போனில் அது இல்லை, அதுவும் ஸ்பீக்கரில் போட்டு ஹாலில் எதிரொலித்தால் இன்னும் மோசம். கத்துவதால் பயனில்லை, கத்தினால் உதடும் கோணிக்கொள்ளும். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி உட்கார்ந்து வீடியோவில் பேசுங்கள். மேல் பெட்டில் இருட்டில் படுத்துக்கொண்டு பேசினால் அம்மாவுக்கு ஒரு கறுப்பு உருவம்தான் தெரியும். காதை முழுவதும் மூடுகிற வயர் ஹெட்போன் ஒன்று வாங்கி மாட்டிவிடச் சொல்லுங்கள், விலை அதிகம் இல்லாததே போதும்.

நேரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. வெயில் காலத்தில், ஜூன் 15-லிருந்து செப்டம்பர் 15 வரை, அங்கே வெயிலில் வேலை செய்பவர்களுக்கு மதியம் 12:30 முதல் 3 வரை கட்டாய ஓய்வு உண்டு இல்லையா? மொட்டை மாடியில் யூனிட் மாட்டுகிற உங்களுக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறேன். ஊரில் அப்போது 2-லிருந்து 4:30. மருமகளும் பேத்தியும் தூங்குகிற நேரம், அம்மா திண்ணையில் சும்மாதான் இருப்பார். அவருக்கு என்று தனியாக அப்போது கூப்பிடுங்கள், பகல் வெளிச்சமும் இருக்கும்.

அதற்கு முன்னால் பட்டுக்கோட்டை அரசு ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை கூட்டிப் போகச் சொல்லுங்கள். எத்தனையோ பேருக்கு வெறும் குறும்பி அடைப்புதான், எடுத்துவிட்டால் அன்றைக்கே கேட்கும். அது இல்லையென்றால் கேட்கும் திறனைச் சோதித்து மெஷின் வேண்டுமா என்று சொல்வார்கள். டாக்டர் பார்க்கிற வரைக்கும் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்ற வேண்டாம், ஊக்கு விட்டுக் குடையவும் வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள், நம் அம்மாக்கள் கேட்க மாட்டார்கள்.